மூலை தொட்டால் தொட்டதாகுமா?

ஜனவரி 6, செவ்வாய்

காலையிலேயே மிக்சி புகைந்துவிட்டது. சட்னி இல்லாத இட்லியை விழுங்கிவிட்டு பஸ்ஸைப் பிடித்து வாகைக்குறிச்சிக்குப் போனால், தலைமை ஆசிரியர் ஞானமுத்து சார் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். அவர் வாசலில் நின்றால் யார் தலையிலோ வேலை விழப்போகிறது என்று அர்த்தம். இன்றைக்கு என் தலை.

"மங்கை டீச்சர், ஆபீஸ்ல சொல்லியிருக்காவ. கலையைப் பாடத்தோட சேத்து நடத்தணுமாம். ஊர்க்காரங்களையும் சேத்துக்கிடணுமாம். பிப்ரவரி ஆரம்பத்துல பாக்க வாராவ."

"எந்தப் பாடத்தோட சார்?"

"அதை நீங்கதான் சொல்லணும். நீங்கதானே ஓவியம்."

வாரத்தில் மூன்று அரை நாள் வருகிற பகுதிநேர ஆசிரியை நான். மே மாதம் வந்தால் அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று அவர் கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறவள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சரி என்றேன்.

உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான். ரோட்டைப் பார்த்த அந்த நீளச் சுவர் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். பாசி பிடித்துக் கிடக்கிறது. எட்டாம் வகுப்புக்கு வடிவியல் இருக்கிறது. சுவர் முழுக்க முக்கோணங்கள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. பிள்ளைக்கு ஒன்று. அவரவர் முக்கோணத்தை அவரவரே அளந்து, அவரவருக்குப் பிடித்த நிறத்தைப் போட்டு, கீழே பெயரை எழுதவேண்டும். பஸ்ஸில் போகிற எல்லோரும் பார்க்கட்டும். கணக்கு வாத்தியார் செல்லத்துரை சாரும் ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

ஜனவரி 8, வியாழன்

ஊர்க்காரர்கள் கூட்டம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, எட்டாம் வகுப்பு இசக்கிராணியின் அம்மா. பேசியதெல்லாம் அவள் அப்பா வேல்சாமி. தலைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார். மேலத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற மனுஷன். "பெயிண்ட் பூராம் என் பொறுப்பு டீச்சர், நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க" என்றார்.

கீழத்தெருவிலிருந்து மாடசாமி வந்திருந்தார். பெயிண்டர். அவர் மகள் சந்தனமாரியும் எட்டாம் வகுப்புதான். "சுவரைச் சுரண்டி, வெள்ளை பிரைமர் அடிச்சுத் தாரேன். கூலி வேண்டாம்" என்றார். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. ஏனோ நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்.

கூட்டம் முடிந்ததும் ஞானமுத்து சார் மெதுவாகக் கேட்டார்: "ஆமா, நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?"

"பஸ் வர்ற பக்கம் சார்."

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். எனக்கு எதற்கு வம்பு?

ஜனவரி 13, செவ்வாய்

மாடசாமி சுவரை முடித்துவிட்டார். பால் மாதிரி இருக்கிறது. செல்லத்துரை சார் பிள்ளைகளைக் கொண்டு நூல் பிடித்து, கோணம் அளந்து, முக்கோணங்களைப் பென்சிலால் போட்டுவிட்டார். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது, ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது என்று சுவர் முழுக்க. அறுபது பாகை என்றால் என்னவென்று கேட்டால் போன வாரம் வரை கூரையைப் பார்த்த பிள்ளைகள் இன்றைக்குச் சுவரில் கையை வைத்துக் காட்டுகிறார்கள்.

இடம் பிடிக்க ஒரே தள்ளுமுள்ளு. இசக்கிராணியும் சந்தனமாரியும் பக்கத்துப் பக்கத்து முக்கோணத்தில் போய் நின்றுகொண்டார்கள். இவர்கள் இருவருக்கும் இடையில் காற்றுகூடப் புகாது. ஒரே பெஞ்சு, ஒரே ஜாமெட்ரி பாக்ஸ், வகுப்பு முழுக்க ஓயாத குசுகுசு. எத்தனை தடவை பிரித்து உட்காரவைத்திருப்பேன்! அடுத்த மணியில் பார்த்தால் பழையபடி ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

"டீச்சர், எங்க ரெண்டையும் சேத்துப் பாத்தா ஒரு சாய்சதுரம் வருது" என்றாள் இசக்கி. செல்லத்துரை சார் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பதினெட்டு வருஷ சர்வீசில் சாய்சதுரத்தைத் தானாகக் கண்டுபிடித்த முதல் பிள்ளையாம்.

இசக்கிக்குச் சிவப்பு. மாரி, "எனக்குச் சந்தனக் கலர் டீச்சர். என் பேர்ல இருக்குல்லா" என்றாள்.

"அது மஞ்சள்தானட்டி" என்றான் வகுப்புத் தலைவன் கொம்பையா.

"மஞ்சள் இல்லை. சந்தனம். டீச்சர், மஞ்சள்ல நிறைய வெள்ளை சேத்து, ஒரு சொட்டு காவி விடணும். எங்கப்பா விடுவாவ."

சரியாகத்தான் சொன்னாள். நாளை முதல் பொங்கல் விடுமுறை. வந்ததும் ஆரம்பித்துவிடலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

தலைவலி.

காலையில் தலைமை ஆசிரியர் அறையில் வேல்சாமி. மேசை மேல் பிள்ளைகள் எந்த முக்கோணத்தில் என்ன நிறம் போடுவது என்று நான் வரைந்து கொடுத்த தாள். "டீச்சர், இதுல சிவப்பும் மஞ்சளும் ஒட்டி வருதே" என்றார்.

"ஆமா. அழகாயிருக்கும்."

"அழகெல்லாம் சரிதான். சிவப்பும் மஞ்சளும் எங்க தெருக் கொடில்லா. அதுல மஞ்சளை யாரு அடிக்கா? மாடசாமி மவ. எங்க கொடியில பாதியை அந்தப் பிள்ள அடிச்சா நல்லாவா இருக்கும்? எனக்கு ஒண்ணுமில்லை. நாளைக்கு நாலு பேரு கேப்பான்."

"அது மஞ்சள் இல்லைங்க, சந்தனம்."

"ரோட்டுல போறவனுக்கு மஞ்சள்தான் டீச்சர்."

சரி, மாரியைப் பச்சை போடச் சொல்லலாமா என்றேன். ஞானமுத்து சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் கீழத்தெருக் கொடியாம்! ஊரில் உள்ள கரண்ட் கம்பத்தையெல்லாம் பார்த்ததில்லையா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். கம்பத்துக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 21, புதன்

நீலம் வேண்டாமாம். காவி வேண்டாமாம். கறுப்பும் சிவப்பும் மூச்சே விடக்கூடாதாம். முக்கோணங்களுக்குக் கீழே பெயரும் வேண்டாமாம். பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். என்ன தெரிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிக்சி மெக்கானிக் மோட்டாரே போச்சு என்கிறான். இவனும் ஆரம்பித்துவிட்டான்.

ஜனவரி 22, வியாழன்

எக்கேடோ கெட்டுப் போங்கள், சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். செல்லத்துரை சார் உற்சாகமாக ஓடிவந்தார்.

"டீச்சர், இது அருமையான கணக்குல்லா! எந்த நிறம் எந்த நிறத்தை ஒட்டக்கூடாதுன்னு விதி. விதி மீறாம சுவரை நிரப்பணும். பிள்ளைங்ககிட்டயே விட்டுருவோம். பாடமும் ஆச்சு, பிரச்சினையும் தீர்ந்துச்சு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்குக் கலை, கணக்கு, ஊர் மூன்றும் ஒரே சுவரில். ஞானமுத்து சார் என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

விதிகளை எப்படிக் கரும்பலகையில் எழுதுவது, பிள்ளைகளுக்கு என்ன காரணம் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டு வந்தேன். வீண் கவலை. சாக்பீஸைக் கையில் எடுப்பதற்குள் பிள்ளைகளே ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதன் பக்கத்தில் எது வரலாம், எது வரக்கூடாது, எது வந்தால் அடி விழும். எனக்குத் தெரியாத இரண்டு சேர்க்கையும் சொன்னார்கள். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் இதில் பாதி வேகம் வருமா?

ஒரு மணி நேரம் தாளில் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கொம்பையா எழுந்தான்.

"சார், நிமிர்ந்த முக்கோணத்துக்குப் பக்கத்துல எப்பவும் கவிழ்ந்ததுதான் வருது. கவிழ்ந்ததையெல்லாம் வெள்ளையா விட்டுட்டா எந்தக் கலரும் எந்தக் கலரையும் ஒட்டாது. நிமிர்ந்ததுல யாரு என்ன கலர் வேணும்னாலும் அடிக்கலாம்."

செல்லத்துரை சார் மேசையைத் தட்டினார். வகுப்பே கைதட்டியது. அப்போது இசக்கி கேட்டாள்:

"சார், மூலை தொடுதே. மூலை தொட்டா தொட்டதாகுமா?"

சார் யோசித்தார். "பக்கம் தொட்டாத்தான் தொட்டது. மூலை ஒரு புள்ளி. புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது. அது தொட்டதாகாது" என்றார்.

"அப்போ சரி" என்று உட்கார்ந்தாள்.

ஜனவரி 28, புதன்

பாதிப் பேருக்கு வெள்ளை என்றால் யாருக்கு? சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று ஒரு டப்பாவோடு போனேன். கொம்பையா, "வேண்டாம் டீச்சர், நாங்களே பேசி இடம் மாத்திக்கிட்டோம். ஒரு சண்டை வரல" என்றான்.

பரவாயில்லையே, எவ்வளவு ஒற்றுமை என்று பாராட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். இசக்கியின் முக்கோணம் நிமிர்ந்தது. அவளை ஒட்டிய மாரியின் முக்கோணம் கவிழ்ந்தது. சுடலைமுத்துவுக்குக் கவிழ்ந்தது. காளீஸ்வரிக்குக் கவிழ்ந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போகிற பிள்ளைகள் ஒருவர் பாக்கி இல்லை.

கீழத்தெருப் பிள்ளைகளுக்கு வெள்ளை பிடிக்கும் போலிருக்கிறது. அவர்களே பேசி முடித்ததில் நான் போய் மூக்கை நுழைப்பானேன்?

ஜனவரி 29, வியாழன்

பெயிண்ட் அடித்தாயிற்று. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எல்லாமே வந்துவிட்டன. எதுவும் எதையும் ஒட்டவில்லை. பள்ளிக்கூடக் கேட்டுப் பக்கத்தில் எனக்கும் ஒரு நிமிர்ந்த முக்கோணம் ஒதுக்கியிருந்தார்கள். கத்தரிப்பூ நிறம் அடித்தேன். இந்த ஊரில் யாரும் சொந்தம் கொண்டாடாத நிறம் அது ஒன்றுதான்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் இல்லை. பிரைமர்தான் ஏற்கெனவே வெள்ளையாக இருக்கிறதே! நான் இதை யோசிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களாகவே மற்றவர்களுக்குப் பிரஷ் கழுவிக் கொடுக்கவும் குடத்தில் தண்ணீர் எடுத்துவரவும் ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை.

மாடசாமி வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினார். மகள் குடத்தோடு போவதைப் பார்த்தார். என்னிடம், "நம்மது எது டீச்சர்?" என்றார்.

அந்த வெள்ளையைக் காட்டினேன்.

"நல்லது. அதை நானே அடிச்சிட்டேனே" என்று சிரித்துவிட்டு சைக்கிளை மிதித்தார். அந்தச் சிரிப்பு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் என்னோடு வந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆபீசிலிருந்து அதிகாரி அம்மா வந்தார்கள். சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். கணக்கைப் பிள்ளைகளே கண்டுபிடித்தது, வேல்சாமியின் பெயிண்ட், மாடசாமியின் உழைப்பு எல்லாவற்றையும் ஞானமுத்து சார் மூச்சுவிடாமல் சொன்னார். ஃபோட்டோ எடுத்தார்கள். வேல்சாமிக்குச் சால்வை. மாடசாமி வேலைக்குப் போயிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லையாம்.

அதிகாரி அம்மா முன்வரிசையிலிருந்த மாரியின் தோளில் கைபோட்டுக் கேட்டார்கள்: "உன்னோடது எதும்மா?"

மாரி காட்டினாள்.

"அங்க ஒண்ணும் இல்லையே?"

"ஆமா மேடம். அதுதான் என்னோடது. மத்தது ஒட்டாம இருக்கதுக்கு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "எவ்வளவு தெளிவா சொல்றா பாருங்க! வெற்றிடத்தோட முக்கியத்துவத்தைப் புரியவச்சிருக்கீங்க" என்றார்கள். இன்னும் பத்துப் பள்ளிக்கூடத்தில் இதையே செய்யப் போகிறார்களாம். விதிகளை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டுமாம். ஞானமுத்து சார் என் காதருகே, "மே மாசத்தைப் பத்தி இனி கவலையே படாதீங்க டீச்சர்" என்றார்.

நான் நன்றி சார் என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

பிப்ரவரி 4, புதன்

ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். 'முதல் விதி' என்பதோடு பேனா நின்றுவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

எட்டாம் வகுப்பில் இன்றைக்குச் சும்மா விட்டேன். வாட்டர்கலரும் தாளும் கொடுத்து, இஷ்டப்பட்டதை வரையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

மணியடிப்பதற்கு முன் எல்லாத் தாளையும் வாங்கிப் பார்த்தேன். கிளி வரைந்திருந்தான் ஒருவன். பச்சைக் கழுத்துக்கும் சிவப்பு மூக்குக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அடுத்தது வீடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் வெள்ளை, கூரை அந்தரத்தில் தொங்குகிறது. பூ. இதழுக்கும் காம்புக்கும் நடுவில் வெள்ளை. லாரி, மாடு, தக்காளிப் பழம்கூட. சிவப்புப் பழத்துக்கும் பச்சைக் காம்புக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளை.

எனக்கு வந்த கோபம்! "யாரு இப்படிப் போடச் சொன்னா?" என்று கத்தினேன்.

எல்லோரும் விழித்தார்கள். கொம்பையா எழுந்து, "நீங்கதான டீச்சர்" என்றான். கேலியில்லை. பாவம் பிள்ளை, பயந்துபோய்தான் சொன்னான்.

அப்போதுதான் பெஞ்சுகளையும் பார்த்தேன். இசக்கி முன்னால் இருக்கிறாள். மாரி கடைசிப் பெஞ்சில். ஜாமெட்ரி பாக்ஸ் இசக்கியிடம். எப்போதிருந்து என்று கேட்டேன். சுவர் அடிச்சதிலிருந்து என்றாள் காளீஸ்வரி. நான் மாசக்கணக்காகத் திட்டியும் பிரியாத இரண்டையும் என் சுவர் பிரித்துவிட்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டியவள் நான்தானே? வேல்சாமியை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்!

மாலையில் பள்ளிக்கூடக் கேட்டருகே மாரியை நிறுத்தினேன். "சனிக்கிழமை ஸ்கூல்ல யாரும் இருக்க மாட்டாங்க. வா. உன் சந்தனக் கலரைப் போட்டுடலாம். என்ன ஆகுதுன்னு பாத்துக்கிடலாம்."

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம் டீச்சர். அடிச்சா எங்கப்பாவைத்தான் கேப்பாவ. உங்களை யாரும் கேக்க மாட்டாவ."

பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ் வரும் வரைக்கும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

பிப்ரவரி 7, சனி

இன்றைக்கு என் வேலை நாள் இல்லை. இவரிடம் மிக்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மஞ்சள் ஒரு டப்பா, வெள்ளை ஒரு டப்பா, காவி கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாகைக்குறிச்சி பஸ் ஏறினேன்.

சுவருக்கு முன்னால் டப்பாவைத் தரையில் வைத்துக் கலந்தேன். எதிரே பஸ் ஸ்டாப் நிழலில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. இசக்கி. அவளுக்குப் பின்னால், தூணை ஒட்டி, மாரி. வேண்டாம் என்று சொன்ன பிள்ளை எதற்கு வந்தாள், இசக்கிக்கு யார் சொன்னார்கள், ஒன்றும் தெரியவில்லை. ரோட்டைத் தாண்டி வரவும் இல்லை.

"ஏட்டி மாரி!" என்று கூப்பிட்டேன். "என்னோட கத்தரிப்பூ முக்கோணம் இனி உன்னோடது. இது இனிமே என்னோடது. சரியா?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பிரஷை முக்கி முதல் இழுப்பு இழுத்தேன். சிவப்பை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், விளிம்போடு விளிம்பாக. இரண்டாவது இழுப்புக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து மாரியின் சத்தம் வந்தது.

"டீச்சர்! மஞ்சளா இருக்கு. இன்னும் வெள்ளை சேருங்க!"

சேர்த்தேன்.

"இன்னும் கொஞ்சம்! ஆங், காவி ஒரு சொட்டு. ஒரு சொட்டுதான்!"

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே என்னை வேலை வாங்கினாள். இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தக் குசுகுசு கேட்டது. நான் அடித்து முடித்து எழுந்து பார்த்தபோது ஒரே சிமெண்ட் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜாமெட்ரி பாக்ஸ்.

சுவரில் ஒரு சாய்சதுரம் தெரிந்தது. பாதி சிவப்பு, பாதி சந்தனம்.

கிளம்புவதற்கு முன் அடியில், தரையை ஒட்டினாற்போல் என் பெயரை எழுதினேன். மெல்லிய பிரஷால் அல்ல, பட்டை பிரஷால். மங்கையர்க்கரசி, ஓவிய ஆசிரியை. அந்தச் சுவரிலேயே ஒரே ஒரு பெயர்.

மூன்று மணிக்கு வேல்சாமி ஃபோன். எடுக்கவில்லை. மறுபடியும் வேல்சாமி. எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு ஞானமுத்து சார். எடுத்தேன்.

"டீச்சர், சுவர்ல யாரோ வேலையைக் காட்டியிருக்கானுவ! வேல்சாமி நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்காரு. மாடசாமியைக் கூப்பிட்டு விசாரிக்கணும்ங்கார். யாரு அடிச்சதுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"நீங்க சுவர்கிட்டயா நிக்கிறீங்க சார்?"

"ஆமா."

"அவரும் இருக்காரா?"

"பக்கத்துலதான் நிக்காரு."

"குனிஞ்சு கீழே பாருங்க சார். அடிச்சவ பேர் எழுதியிருக்கு. அவருக்கும் கேக்கிற மாதிரி சத்தமா வாசிங்க."